ஜூமா, பிரைமா? புது லென்ஸ் வாங்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு கேள்வி!

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அக்காவுக்குக் கல்யாணம். இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமான தம்பி, மாதாமாதம் சேர்த்த பணத்தில் ஒரு கேமரா வாங்கி வைத்திருக்கிறான். கேமராவோடு சேர்ந்தே ஒரு லென்ஸும் வந்தது. 18-55 என்று அதன் மேல் எழுதியிருக்கும். 'கிட் லென்ஸ்' என்பார்கள்.

மொட்டை மாடியில் எடுத்தால் படம் பளிச்சென்று வருகிறது. ஆனால், சமையலறையில் பாட்டி தோசை ஊற்றுவதை எடுத்தால் கலங்கலாக வருகிறது. ஃபிளாஷ் போட்டால் பாட்டி கண்ணை மூடிக்கொள்கிறார். படத்தைக் காட்டினால், "இது யாருடா, மூஞ்சியே தெரியல?" என்கிறார். அதே பாட்டியை ஃபோனில் எடுத்தால் ஓரளவு நன்றாகவே வருகிறது. இத்தனை செலவு செய்து வாங்கிய கேமரா ஃபோனிடம் தோற்றுப்போவதைப் பார்த்தால் யாருக்கும் மனசு வலிக்கத்தான் செய்யும்.

கல்யாணத்துக்குள் இன்னொரு லென்ஸ் வாங்கிவிடலாம் என்று முடிவாகிறது. பட்ஜெட் ஒரு லென்ஸுக்குத்தான் தாங்கும். "கண்ணை மூடிட்டு ஒரு ஃபிப்டி வாங்குடா" என்கிறான் நண்பன். "மண்டபத்துல தூரத்துல இருந்து எடுக்கணும்ல? நல்ல ஜூமா வாங்கு மாப்ள" என்கிறார் மாமா. கடையில் கேட்டால் மூன்றாவதாக ஒன்றைக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

கேமரா கையில் வந்த எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். தப்பாக வாங்கினால் பணம் மட்டும் போகாது. திரும்ப வராத சில நிமிடங்களும் சேர்ந்து போய்விடும். அதனால், இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

உங்கள் ஃபோனிலேயே இருக்கிறது பதிலின் பாதி!

வித்தியாசம் ரொம்ப எளிது. ஜூம் லென்ஸில் ஒரு வளையம் இருக்கும். அதைத் திருகினால் காட்சி அருகில் வரும், தூரம் போகும். பிரைம் லென்ஸில் அந்த வேலை கிடையாது. 50 எம்.எம். என்றால் எப்போதும் 50 எம்.எம்.தான். அருகில் வேண்டுமென்றால் நீங்கள்தான் நடந்து போக வேண்டும்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் ஃபோனைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு, மூன்று கண்கள் இருக்கின்றனவா? கிட்டத்தட்ட எல்லா ஃபோன்களிலும் அவை ஒவ்வொன்றுமே ஒரு பிரைம் லென்ஸ்தான். 0.5 என்று தொட்டால் ஒரு லென்ஸ், 1 என்று தொட்டால் இன்னொன்று, 3 என்று தொட்டால் மற்றொன்று. இடையில் விரலால் இழுத்துப் பெரிதாக்கும்போது, பெரும்பாலான ஃபோன்களில் நடப்பது கண்ணாடியின் வேலை இல்லை. படத்தை வெட்டிப் பெரிதாக்கும் வேலைதான். அதனால்தான் அதிகம் இழுத்தால் படம் பொரிபொரியாகிறது.

கேமராவின் ஜூம் லென்ஸ் அப்படி வெட்டுவதில்லை. உள்ளே இருக்கும் கண்ணாடிகள் உண்மையிலேயே முன்னும் பின்னும் நகர்ந்து காட்சியை அருகில் கொண்டுவருகின்றன. ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸ் 1959-ல்தான் விற்பனைக்கு வந்தது. ஃபோக்ட்லாண்டர் நிறுவனத்தின் 'ஜூமார்' என்ற அந்த லென்ஸ் 36-லிருந்து 82 எம்.எம். வரை போகும். அதற்கு முன்பு வரை போட்டோ எடுத்தவர்களுக்கு பிரைம் தவிர வேறு வழியே இல்லை.

வசதியான ஒன்று வந்த பிறகும் பழையது ஏன் ஒழியவில்லை? காரணம், வெளிச்சம்.

பத்து ரூபாய் நாணயமும் சட்டைப் பொத்தானும்

லென்ஸின் மேல் எஃப்/1.8, எஃப்/3.5-5.6 என்றெல்லாம் எழுதியிருக்கும். வெளிச்சம் உள்ளே வரும் துவாரம் எவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்பதைச் சொல்லும் எண் இது. எண் சிறிதானால் துவாரம் பெரிது. முதன்முதலில் கேட்பவர்களைக் குழப்புவது இந்தத் தலைகீழ் கணக்குதான்.

50 எம்.எம். லென்ஸ் எஃப்/1.8-ல் திறந்தால், 50-ஐ 1.8-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 28 மில்லிமீட்டர் வரும். ஏறக்குறைய நம் பத்து ரூபாய் நாணயத்தின் அகலம். கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அதன் எண் எஃப்/5.6 ஆகிவிடும். அப்போது திறப்பு 10 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதாவது ஒரு சின்ன சட்டைப் பொத்தான்.

பொத்தான் அளவு ஜன்னலையும் நாணயம் அளவு ஜன்னலையும் ஒப்பிட்டால், உள்ளே வரும் வெளிச்சத்தில் ஒன்பது மடங்குக்கும் அதிகமான வித்தியாசம் இருக்கிறது. பாட்டியின் சமையலறைக்கு இதைக் கொண்டுவந்து பார்ப்போம். ஒரே ஒரு ட்யூப் லைட். கிட் லென்ஸ் அங்கே ஒரு படத்துக்கு 1/15 நொடி எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குள் தோசைக்கரண்டி பாதி வட்டம் சுற்றிவிடும், பாட்டியும் திரும்பிவிடுவார். படம் கலங்கத்தான் செய்யும். எஃப்/1.8 லென்ஸில் அதே படத்தை 1/125 நொடியிலேயே எடுத்துவிடலாம். கரண்டி நிற்கும். பாட்டியின் சிரிப்பும் நிற்கும்.

"என் லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே, போதாதா?" என்று சிலர் கேட்பார்கள். அது உங்கள் கை நடுங்குவதைத்தான் சரிசெய்யும். எதிரில் இருப்பவர் அசைவதை அதனால் நிறுத்த முடியாது. கோயில் தூணை எடுக்க அது போதும். தொட்டிலில் கைகாலை உதைக்கும் குழந்தையை எடுக்கப் போதாது.

பிரைம் லென்ஸால் இவ்வளவு பெரிதாகத் திறக்க முடிவது எப்படி? அது ஒரே ஒரு வேலையைச் செய்வதால்தான். கேனனின் 50 எம்.எம். எஃப்/1.8 எஸ்டிஎம் லென்ஸுக்குள் இருப்பவை ஆறே கண்ணாடிகள். எடை சுமார் 160 கிராம். அதே நிறுவனத்தின் 24-70 எஃப்/2.8 ஜூம் லென்ஸின் இரண்டாம் பதிப்பில் 18 கண்ணாடிகள். எடை 805 கிராம். விலையும் எடைக்கு ஏற்றபடிதான். முன்னது அந்த நிறுவனத்தின் மலிவான லென்ஸ்களில் ஒன்று. பின்னது லட்ச ரூபாயைத் தாண்டும்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு சினிமா

வெளிச்சத்துக்காக ஒருவர் எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு சினிமாவில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஸ்டான்லி குப்ரிக் இயக்கி 1975-ல் வெளியான 'பாரி லிண்டன்', 18-ம் நூற்றாண்டில் நடக்கும் கதை. அந்தக் காலத்தில் மின்விளக்கு ஏது? அதனால் இரவுக் காட்சிகளை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுக்க வேண்டும் என்று குப்ரிக் பிடிவாதமாக இருந்தார்.

சாதாரண லென்ஸ்களுக்கு அந்த வெளிச்சம் போதவில்லை. ஜெர்மனியின் ஜைஸ் நிறுவனம், நாசாவின் நிலவுப் பயணத் திட்டத்துக்காக 50 எம்.எம். எஃப்/0.7 என்ற அபூர்வமான பிரைம் லென்ஸை 1960-களில் உருவாக்கியிருந்தது. செய்ததே மொத்தம் பத்துதான் என்பார்கள். அதில் மூன்றை குப்ரிக் வாங்கினார். கேமராவையே அதற்கு ஏற்றபடி மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. நாம் பேசிக்கொண்டிருக்கும் எஃப்/1.8 லென்ஸைவிட அது ஆறு மடங்குக்கும் அதிகமான வெளிச்சத்தை உள்ளே விடும். அந்தப் படத்துக்காக ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட் ஆஸ்கர் விருது வாங்கினார்.

இதைச் சொல்லித்தான் பலரும் "பார்த்தாயா, பிரைம்தான் உசத்தி" என்பார்கள். ஆனால், அதே படத்தின் பகல் காட்சிகளைப் பார்த்தால் வேறு ஒரு விஷயம் தெரியும். ஒருவரின் முகத்தில் ஆரம்பித்து, மெல்ல மெல்லப் பின்வாங்கி, பரந்த நிலத்தில் அவர் ஒரு புள்ளியாகும் வரை காட்சி விரியும். படம் முழுக்க இப்படிப் பல இடங்கள். அதையெல்லாம் செய்தது ஜூம் லென்ஸ்!

ஒரே இயக்குநர், ஒரே படம். வெளிச்சம் இல்லாத இடத்தில் பிரைம். தூரத்தை ஆள வேண்டிய இடத்தில் ஜூம். எது உசத்தி என்ற சண்டைக்கே அங்கே இடமில்லை. அந்தந்த இடத்தில் எது கைகொடுக்கும் என்பதுதான் கணக்கு.

வீட்டுக் கேமராவுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். லென்ஸ் வாங்கப் போகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: நான் படம் எடுக்கும் இடத்தில் என்னால் மாற்ற முடியாதது எது? வெளிச்சமா, தூரமா?

நகர முடியாத இடங்கள்

தேர்த் திருவிழாவுக்குப் போயிருக்கிறீர்களா? கூட்டம் உங்களை எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் நிற்க முடியும். ஜல்லிக்கட்டில் தடுப்பைத் தாண்டிப் போக முடியாது. பள்ளி ஆண்டு விழாவில் மகள் மேடையில் ஆடுவாள். பெற்றோர் உட்கார்ந்திருப்பது பதினைந்தாவது வரிசையில். வேடந்தாங்கலில் பறவைக் கூட்டின் அருகே நடந்து போக முடியுமா?

இந்த இடங்களிலெல்லாம் "காலால் ஜூம் செய்" என்ற அறிவுரை செல்லுபடியாகாது. காலுக்கு அங்கே வேலையே இல்லை. பகலில் நடக்கும் விழா என்றால் வெளிச்சமும் தாராளமாக இருக்கும். எஃப்/5.6 போதும். 55-250, 55-200 போன்ற ஜூம் லென்ஸ்கள் இதற்காகவே இருக்கின்றன.

கல்யாண மண்டபத்தில் முப்பது அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண கேமராவில் 50 எம்.எம். லென்ஸைப் போட்டால் சுமார் பதினான்கு அடி அகலத்துக்கு மேடையே தெரியும். மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில் சின்னதாக இருப்பார்கள். 200 எம்.எம். வரை ஜூம் செய்தால் மூன்றரை அடி அகலம்தான் படத்துக்குள் வரும். இரண்டு முகங்களும் அதில் நிறைந்து நிற்கும்.

இன்னொன்று, லென்ஸ் மாற்றுவதற்கான நேரம். புழுதி பறக்கும் திடலிலும் கடற்கரைக் காற்றிலும் லென்ஸைக் கழற்றினால், கேமராவின் சென்சாரில் தூசி உட்காரும். பிறகு ஒவ்வொரு படத்திலும் வானத்தில் ஒரு கரும்புள்ளி! வெளியூர்ப் பயணத்துக்குப் பலரும் ஜூம் ஒன்றை மட்டும் மாட்டிக்கொண்டு போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுக்குள் 50 எம்.எம். - ஒரு எச்சரிக்கை

அப்படியானால் வெளிச்சம் குறைந்த வீட்டுக்கு 50 எம்.எம். பிரைம் வாங்கிவிடலாமா? ஆர்வத்தில் பலர் தவறுவது இங்கேதான்.

50 எம்.எம். லென்ஸின் பெயரும் புகழும் ஃபிலிம் காலத்திலிருந்து வந்தவை. அன்றைய ஃபிலிம் அளவுக்கு இணையான சென்சாரை இன்று 'ஃபுல் ஃபிரேம்' என்கிறோம். ஆனால், முதன்முதலில் வாங்கும் கேமராக்களில் பெரும்பாலும் இருப்பது அதைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்சார். சின்ன சென்சாரில் அதே லென்ஸ் காட்சியை இறுக்கிக் காட்டும். 50 எம்.எம். லென்ஸ் அங்கே சுமார் 75 அல்லது 80 எம்.எம். போல நடந்துகொள்ளும்.

பத்துக்குப் பத்து அறையில் சுவரோடு சுவராக நிற்கிறீர்கள். எதிரில் இருப்பவர் பத்து அடி தூரத்தில். அப்போது படத்துக்குள் எவ்வளவு அகலம் வரும்?

* 50 எம்.எம். என்றால், ஐந்து அடிக்கும் குறைவு. மூன்று பேர் நெருக்கி நிற்கலாம்.
* 35 எம்.எம். என்றால், ஆறரை அடிக்குக் கொஞ்சம் மேல்.
* கிட் லென்ஸின் 18 எம்.எம். என்றால், சுமார் பதின்மூன்று அடி. குடும்பமே நிற்கலாம்.

தீபாவளிக்கு வந்த பெரியப்பா, சித்தி, பிள்ளைகள் எல்லோரையும் கூடத்தில் நிற்கவைத்து 50 எம்.எம். லென்ஸை மாட்டினால், எடுப்பவர் வாசலுக்கும் தெருவுக்குமாகப் பின்வாங்க வேண்டியதுதான்! அதனால், சின்ன சென்சார் கேமராவில் வீட்டுக்குள் எடுக்க ஒரே ஒரு பிரைம் என்றால், பெரும்பாலானவர்களுக்கு 35 எம்.எம். அளவுதான் தோதாக இருக்கும். ஒரே ஒருவரின் முகம், தோளுக்கு மேல் என்று எடுப்பதே ஆசை என்றால் 50 எம்.எம். அருமை.

காலால் ஜூம் செய்தால் என்ன ஆகும்?

பிரெஞ்சு போட்டோகிராஃபர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸோன், லைக்கா கேமராவும் 50 எம்.எம். லென்ஸுமாகவே தன் பெரும்பாலான படங்களை எடுத்தவர். இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சந்தித்துவிட்டுத் திரும்பிய சிறிது நேரத்திலேயே காந்தி சுடப்பட்ட செய்தி அவரை எட்டியது. அன்று இரவு பிர்லா மாளிகையின் வாசலில் நின்று காந்தியின் மறைவை நேரு அறிவிப்பதை அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது.

ஒரே அளவு லென்ஸோடு வருடக்கணக்கில் பழகியவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. கேமராவைக் கண்ணில் வைக்கும் முன்பே, எது படத்துக்குள் வரும், எது வராது என்று மனசுக்குத் தெரிந்துவிடும். வளையத்தைத் திருகும் நேரமும் யோசனையும் மிச்சம். போட்டோ கற்றுக்கொள்பவர்களை ஒரு பிரைமோடு சுற்றச் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால், நடந்து போவதும் ஜூம் செய்வதும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. நின்ற இடத்திலிருந்து ஜூம் செய்தால், ஆளும் பின்னால் இருக்கும் கோபுரமும் ஒரே அளவில் பெரிதாகும். ஆளை நோக்கி நடந்து போனால், ஆள் மட்டும் பெரிதாவார். கோபுரம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். முகத்துக்கு மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகத் தெரிவதும் இதனால்தான். அது லென்ஸின் குறை இல்லை. தூரம் செய்யும் வேலை. ஃபோனைக் கை நீட்டிப் பிடித்து செல்ஃபி எடுக்கும்போது முகம் கொஞ்சம் மாறித் தெரிவதற்கும் இதுவே காரணம்.

பின்னணி மங்கும், கூடவே சித்தப்பாவும் மங்குவார்!

பிரைம் வாங்கியவர்கள் முதல் வாரம் எல்லாவற்றையும் எஃப்/1.8-ல் எடுத்துத் தள்ளுவார்கள். பின்னணி வெண்ணெய் போல் மங்கும். ஃபோனின் 'போர்ட்ரெய்ட்' வசதி கணக்குப் போட்டு மங்கவைப்பதை, இங்கே கண்ணாடியே செய்துவிடும். முடியின் ஓரம், கண்ணாடியின் காம்பு எல்லாம் இயல்பாக இருக்கும்.

ஆனால், அதற்கு ஒரு விலை உண்டு. சின்ன சென்சார் கேமராவில், 50 எம்.எம். லென்ஸில், ஐந்து அடி தூரத்தில் எஃப்/1.8 வைத்து எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர்தான். கண் தெளிவாக இருந்தால் காது மங்கும். அம்மா முன்னால், சித்தப்பா ஓரடி பின்னால் நின்றால், அம்மா மட்டும்தான் தெளிவு. குரூப் போட்டோவுக்கு எஃப்/5.6, எஃப்/8 என்று துவாரத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். அப்படிச் சுருக்கிவிட்டால், வெளிச்சத்தில் பிரைமுக்கு இருந்த லாபமும் போய்விடும். குரூப் போட்டோவுக்கு நல்ல வெளிச்சமும் கிட் லென்ஸுமே தாராளம்.

"ஜூம் என்றாலே தெளிவு குறைவு" என்ற பேச்சும் பழையதாகிவிட்டது. ஒரே விலையில் பார்த்தால் இன்றும் பிரைமின் தெளிவு ஒரு படி மேலே இருக்கலாம். ஆனால், ஃபோன் திரையில் பார்க்கும் படத்திலும், ஆல்பத்தில் ஒட்டும் சின்னப் பிரின்ட்டிலும் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது கஷ்டம். கலங்கிய படத்துக்கும் கலங்காத படத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் எல்லோர் கண்ணிலும் படும்.

இரண்டும் வேண்டும் என்றால்?

வெளிச்சமும் குறைவு, நகரவும் முடியாது. கல்யாண போட்டோகிராஃபர்களுக்கு இதுதான் தினசரி வாழ்க்கை. கெட்டிமேளம் கொட்டித் தாலி கட்டுவது சில நொடிகள். லென்ஸ் மாற்ற நேரமில்லை, "இன்னொரு முறை கட்டுங்க" என்று கேட்கவும் முடியாது. அதனால்தான் அவர்கள் 24-70 எஃப்/2.8, 70-200 எஃப்/2.8 போன்ற கனமான, விலை உயர்ந்த ஜூம்களை வைத்திருக்கிறார்கள். முழுக்க ஜூம் செய்தாலும் இவற்றின் திறப்பு எஃப்/2.8-லிருந்து குறையாது. பலர் இரண்டு கேமராக்களைத் தோளில் மாட்டியிருப்பதும் லென்ஸ் மாற்றும் நேரத்தை மிச்சப்படுத்தத்தான்.

சின்ன சென்சார் மிரர்லெஸ் கேமராக்களுக்கு இடைப்பட்ட வழியும் இப்போது வந்திருக்கிறது. உதாரணமாக, சிக்மாவின் 18-50 எஃப்/2.8 லென்ஸ் 2021-ல் வந்தது. எடை சுமார் 290 கிராம்தான். பிரைம் அளவுக்கு வெளிச்சம் வராது. ஆனால், முழுக்க ஜூம் செய்த கிட் லென்ஸைவிட நான்கு மடங்கு வரும்.

ஒரே ஒரு விசேஷத்துக்காக மட்டும் என்றால், பெரிய லென்ஸை விலைக்கு வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை. பெரிய ஊர்களில் கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பே எடுத்துப் பழகிப் பார்த்துவிடுவது நல்லது. முகூர்த்தத்தன்று காலையில் புது லென்ஸோடு மல்லுக்கட்டுவது ஆபத்து.

செலவில்லாமல் ஒரு பரிட்சை

கிட் லென்ஸ் கையில் இருக்கிறதா? கடைக்குப் போகும் முன் இந்த மூன்றையும் செய்து பாருங்கள்.

1. இதுவரை எடுத்தவற்றில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஐம்பது படங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு படத்தின் விவரத்திலும் எத்தனை எம்.எம்.-ல் எடுத்தது என்று பதிவாகியிருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரே எண்ணைச் சுற்றியே வந்தால், அந்த அளவில் பிரைம் வாங்கலாம். எல்லா அளவும் கலந்து வந்தாலோ, பாதிக்கு மேல் 55-ல் முட்டி நின்றாலோ, உங்களுக்குத் தேவை ஜூம்.

2. அடுத்து, பிடிக்காத ஐம்பது படங்கள். ஏன் வீணாயின? கலங்கியதாலா, ஆள் சின்னதாகத் தெரிவதாலா? கலங்கியவை அதிகம் என்றால் பிரச்னை வெளிச்சம். சின்னதாகத் தெரிபவை அதிகம் என்றால் பிரச்னை தூரம்.

3. ஜூம் வளையத்தை 35-ல் வைத்து, நகராதபடி ஒரு டேப்பை ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் அப்படியே எடுங்கள். அடுத்த வாரம் 50-ல். எந்த வாரம் எரிச்சல் குறைவாக இருந்ததோ அதுதான் உங்கள் அளவு. இரண்டு வாரமும் டேப்பைப் பிய்த்து எறியத் தோன்றினால், பிரைம் இப்போதைக்கு வேண்டாம்!

கடையில் கவனிக்க வேண்டியவை

* உங்கள் கேமராவின் மவுன்ட்டுக்குப் பொருந்தும் லென்ஸா என்று முதலில் பாருங்கள். ஒரே நிறுவனத்திலேயே பல வகை மவுன்ட் உண்டு.

* பழைய லென்ஸ் மலிவாகக் கிடைத்தால், ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யுமா என்று உங்கள் கேமராவிலேயே மாட்டிப் பாருங்கள். நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 50 எம்.எம். எஃப்/1.8டி லென்ஸை அவற்றில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

* செகண்ட் ஹேண்ட் லென்ஸின் ஒருபக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஈரக்காற்று அதிகமான கடலோர ஊர்களில் இது சகஜம். எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம்.

* புது லென்ஸ் வாங்கினாலும் பீரோவுக்குள் துணியோடு துணியாகப் போட்டு வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்துங்கள்.

தம்பிக்கு என்ன பதில்?

முதலில் பார்த்த வீட்டுக்கு வருவோம். மண்டபத்துக்கு அந்த ஜூம்தான் சரி என்று மாமா சொன்னதில் நியாயம் இருக்கிறது. இன்னும் சொல்லப்போனால், மேடையில் வீடியோக்காரர்களின் விளக்கு எரியும். வெளிச்சத்துக்கும் அங்கே பெரிய பஞ்சம் இருக்காது. 55-250 போதுமானதாகவே இருக்கும்.

ஆனால், மேடைக்கு எதிரில் ஏற்கெனவே ஒரு போட்டோகிராஃபர் நிற்பார். தாலி கட்டுவதை அவர் எடுத்துக்கொள்வார். அதற்குத்தான் அவருக்குப் பணம் கொடுக்கிறார்கள். தம்பியும் அங்கே போய் முண்டியடித்தால், அவருக்கு இடைஞ்சல்தான்.

அவர் போகாத இடங்கள் சில இருக்கின்றன. முதல் நாள் இரவு, பாதி விளக்கை அணைத்த பிறகு, மருதாணிக் கையோடு தூங்கிப்போன அக்கா. விடியற்காலையில் மணமகள் அறையில் பூ வைத்துவிடும் அத்தை. பந்திக்குக் காய் நறுக்கும் இடத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பா. எல்லாம் முடிந்து கார் கிளம்பும்போது, தூண் ஓரமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைக்கும் அம்மா. அங்கெல்லாம் வெளிச்சம் குறைவு. ஆனால், தம்பியால் பக்கத்தில் போக முடியும். வீட்டுப்பிள்ளை என்பதால் யாரும் கேமராவைப் பார்த்து விறைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதனால், அவன் வாங்க வேண்டியது 35 எம்.எம். எஃப்/1.8 போன்ற ஒரு சின்ன பிரைம். குரூப் போட்டோவுக்குப் பழைய கிட் லென்ஸ் பையில் இருக்கட்டும்.

இதே தம்பி அடுத்த வருடம் வேடந்தாங்கலுக்குப் பறவை எடுக்கப் போகிறான் என்றால், இந்தப் பதில் அப்படியே தலைகீழாக மாறிவிடும். அப்போது மாமா சொன்ன ஜூமை வாங்கிக்கொள்ளலாம்.

இப்போதைக்குக் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது. லென்ஸ் வந்த அன்று மாலையே சமையலறைக்குப் போய், ஃபிளாஷ் போடாமல், பாட்டி தோசை ஊற்றுவதை அவன் இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாம்.